பாலும் குளிரில் வளரும் நீர்க்கிருமிகளும்

பாலைக் குளிர வைத்துவிட்டால் கெடாதென்று கறவை மாடு வைத்திருப்போர் பலர் எண்ணுகின்றனர். அது பாதியே உண்மை. பாலைப் புளிக்கச் செய்யும் கிருமிகள் 4 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் ஏறக்குறைய அடங்கிவிடும். ஆனால் ஏரி, குளத்து நீரிலும் ஈரமண்ணிலும் வாழும் சூடோமோனாஸ் என்னும் இனத்துக் கிருமிகளில் பல அக்குளிரிலும் மெல்லப் பெருகும். திருவிடந்தை போன்ற வெப்பமான கடற்கரைக் கிராமங்களில் இவை உண்டா என்று ஐயுற வேண்டுவதில்லை. இவற்றுள் பெரும்பாலானவை 25 முதல் 30 டிகிரியில்தான் செழிப்பவை. குளிரைத் தாங்குவது இவற்றின் கூடுதல் வல்லமையாம்.

அவ்வல்லமையின் மூலம் என்ன? ஒரு கிராமத்தின் சாகுபடி முழுதும் அடங்கலில் பதிவாகியிருப்பது போல, கிருமியின் தொழில்கள் யாவும் அதன் ஜீன் தொகுதியில் பதிவாகியுள்ளன. அண்டார்டிகாவின் ஷிர்மேக்கர் பகுதியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சூடோமோனாஸ் கிருமியை, ஹைதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தார் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். ஆர்.என்.ஏஸ்-ஆர் என்னும் நொதிக்குரிய ஒரே ஜீனை அவர்கள் பழுதாக்கினர். அக்கிருமி 22 டிகிரியில் வளர்ந்தது. 4 டிகிரியிலோ வளரவில்லை. இம்முடிவு 2007-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அறுந்த மரபிழையைச் செப்பனிடும் ஜீன்களும் குளிரில் இன்றியமையாதவை என்பது பின்னர் விளங்கியது.

கிருமியின் மேலுறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மார்கழியில் நெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. குளிர் தாங்கும் கிருமிகள் தம் உறையில் நல்லெண்ணெயை ஒத்த, எளிதில் உறையாத கொழுப்பை மிகுவித்துக்கொள்ளும்.

இனிப் பாலுக்கு வருவோம். குளத்து நீரில் அலம்பிய பாத்திரத்தின் ஈரத்தோடு இக்கிருமிகள் பாலிற் சேர்கின்றன. குளிர்விப்புத் தொட்டியில் பால் திரிவதில்லையாதலால் எவரும் ஐயுறார். அதற்குள் அவை பெருகி, கொழுப்பையும் புரதத்தையும் சிதைக்கும் நொதிகளை வெளியிடும். பாலைக் காய்ச்சினால் கிருமிகள் மடியும். அந்நொதிகளிற் சில மடியா. கசப்பும் ஊசல் வாடையும் பின்னர்த் தோன்றுவது இதனாலேயே. கிருமி நுழையாமற் காப்பதே வழி. நுழைந்தபின் குளிரும் நெருப்பும் முழுப்பயன் தரா.

ஆகவே கறவைப் பாத்திரங்களைச் சோடா உப்பிட்ட வெந்நீரில் தேய்த்துக் கழுவி, கொதிநீரில் அலம்பி, வெயிலிற் கவிழ்த்து நன்றாய் உலர்த்தவேண்டும். இக்கிருமிகளுக்கு ஈரம் இன்றியமையாதது. மூடியின் விளிம்பிலும் கைப்பிடியின் மடிப்பிலும் ஈரம் தங்குகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது நலம். கறந்த பாலைத் தாமதமின்றிக் குளிர்வித்தல் அவசியமே. எனினும் குளிர்ந்துள்ளதென்று நாட்கணக்கில் நிறுத்தி வைத்தலாகாது.