வைரஸ் வந்தது விமானத்தில், கொசு வந்தது டயரில்

இத்தாலியின் ஏட்ரியாடிக் கடலோரப் பகுதியில், ரவென்னா நகருக்குப் பக்கத்தில் காஸ்டிலியோனே டி செர்வியா என்றொரு சிற்றூர். 2007 கோடையில் அங்கே வீட்டுக்கு வீடு காய்ச்சல். காய்ச்சல் விட்டாலும் மூட்டுவலி விடவில்லை. ஆகஸ்ட் கடைசியில்தான் ஆய்வகத்திலிருந்து பதில் வந்தது: சிக்குன்குனியா. ஜூன் மாதம் கேரளத்திலிருந்து உறவினரைப் பார்க்க வந்த ஒருவருக்கு அங்கே காய்ச்சல் கண்டிருக்கிறது. அவரைக் கடித்த கொசுக்கள் மற்ற வேலையைப் பார்த்துக்கொண்டன. சுற்றுவட்டாரத்தில் 200 பேருக்கு மேல் படுத்தார்கள். ஐரோப்பாவில் இந்த நோய் உள்ளூரிலேயே பரவியது அதுதான் முதல் தடவை.

மழை பெய்தால் கொசுக்காய்ச்சல் வரும் என்பது நம் கணக்கு. ஆனால் இந்தக் கதை தொடங்குவது வறட்சியில். 2004-ல் கென்யாவின் லாமு தீவில் தண்ணீர்த் தட்டுப்பாடு. கிடைத்த தண்ணீரைக் குடத்திலும் தொட்டியிலும் நாள்கணக்கில் பிடித்து வைத்தார்கள். ஏடிஸ் எஜிப்தி கொசுவுக்கு வேறென்ன வேண்டும்? தீவில் முக்கால்வாசிப் பேரை வைரஸ் தொற்றியது. அங்கிருந்து கொமொரோஸ், பிறகு தமிழ் வம்சாவளியினர் கணிசமாக வாழும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியன்.

ரீயூனியனில் வைரஸுக்கு ஒரு சிக்கல். அங்கே எஜிப்தி அரிது. எங்கும் இருந்தது அதன் பங்காளியான புலிக்கொசு, அதாவது ஏடிஸ் அல்போபிக்டஸ். கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை, முதுகில் நடுவே ஒற்றை வெள்ளைக் கோடு. அதன் குடலுக்குள் பழைய வைரஸால் எளிதில் நுழைய முடியவில்லை. 2005-ன் பிற்பகுதியில், வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றில் 226-வது இடத்தில் அலனின் போய் வாலின் வந்தது. மாறியது ஒரேயொரு அமினோ அமிலம்தான். ஆனால் முன்பு தேவைப்பட்ட அளவில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு வைரஸே புலிக்கொசுவைத் தொற்றப் போதுமானதாகிவிட்டது. 2006 பிப்ரவரியில் ஒரே வாரத்தில் 40 ஆயிரம் பேருக்கு மேல் நோய். தீவின் மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்கினர், சுமார் 2.66 லட்சம் பேர், அந்த அலையில் விழுந்து எழுந்தார்கள்.

வியப்பு இனிமேல்தான். அதே 226-வது இடத்தில் அதே மாற்றம், ரீயூனியனோடு தொடர்பில்லாமல், 2007-ல் கேரளத்திலும் தனியாக நிகழ்ந்தது. அங்கேயும் புலிக்கொசுவின் ராஜ்யம். ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டாத மழை மாதங்களில் மரத்துக்கு மரம் தொங்கும் சிரட்டைகளில் நீர் தேங்கும். ஒவ்வொன்றிலும் கொசுப்புழு நெளியும். இரண்டு ஊர்களிலும் ஒரே மாதிரிக் கொசு, வைரஸுக்கும் ஒரே மாதிரி நெருக்கடி. பூட்டு ஒன்றாக இருந்ததால் சாவியும் ஒன்றாகவே அமைந்தது.

சரி, இத்தாலிக்குப் புலிக்கொசு எப்படிப் போனது? தென்கிழக்கு ஆசியக் காட்டு மரப்பொந்துகளில் வாழ்ந்த பூச்சி அது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் முட்டைகளை ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காத்திருக்கும். மறுபடி நனைந்தால் பொரிக்கும். குளிர்நாட்டு வகையில் இன்னொரு சாமர்த்தியம்: பகல் குறுகுவதைத் தாய்க்கொசு உணர்ந்து, குளிர்காலம் முழுக்கத் தூங்கும் முட்டைகளை இடும். பழைய டயரின் உட்பக்கம் அதற்கு மரப்பொந்துதான். எப்படிப் போட்டாலும் மழைநீர் உள்ளே இறங்கும், எளிதில் வெளியே வராது. இப்படித்தான் 1985-ல் ஜப்பானியப் பழைய டயர்களோடு ஹூஸ்டனில் வேரூன்றியது. 1990-ல் இத்தாலியின் ஜெனோவாவில் தென்பட்டது. கேரளத்து விருந்தினர் வந்திறங்கியபோது கொசு இத்தாலியில் 17 ஆண்டுகளாகக் குடியிருந்தது.

ஆகவே விமான நிலையத்தில் நெற்றிச் சூடு பார்ப்பதால் பெரிய பலனில்லை. கடிபட்டு நோய் வெளிப்படச் சில நாள் பிடிக்கும். அதற்குள் பயணி ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். தெருவில் புகையடிப்பதும், என்னைக் கேட்டால், பாதி கண்துடைப்பு. பறக்கும் கொசுக்களில் சில சாகும்; தண்ணீருக்குள் இருக்கும் புழுவையும் காய்ந்து ஒட்டியிருக்கும் முட்டையையும் புகை தொடாது. கவுன்சிலருக்குப் புகைப்படம் கிடைக்கும். கொள்ளைநோய்க் காலத்தில் தொற்றிய கொசுக்களைக் குறைக்க மருந்து வேண்டும்தான். அதை மட்டுமே நம்புவதில்தான் கோளாறு.

இத்தாலியர்களும் மருந்து அடித்தார்கள். அதோடு வீடு வீடாகப் போய்ப் பூந்தொட்டித் தட்டு, மழைநீர் வடிகுழி, தோட்டத்துப் பீப்பாய் எல்லாவற்றையும் பார்த்தார்கள். புலிக்கொசு பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் அதிகம் போகாது. உங்களைக் கடிப்பது பெரும்பாலும் உங்கள் கொசு, மிஞ்சிப்போனால் பக்கத்து வீட்டுக் கொசு. எமிலியா-ரோமாஞ்ஞா மாநிலத்தில் இன்றும் கோடைதோறும் ஊரெங்கும் தண்ணீர் ஊற்றிய கறுப்புக் குவளைகளை வைத்து, உள்ளே ஒரு பட்டையைச் செருகி, அதில் ஒட்டும் முட்டைகளை ஆய்வகத்தில் எண்ணுகிறார்கள். எந்த ஊரில் எண்ணிக்கை ஏறுகிறது என்பது நோயாளி வருமுன்பே தெரிந்துவிடுகிறது. ஆனாலும் கொசு ஒழியவில்லை. ரீயூனியனில் மீண்டும் கிளம்பிய சிக்குன்குனியா 2025 கோடையில் பயணிகளோடு பிரான்ஸுக்குப் போய், அங்கே உள்ளூரிலேயே பல நூறு பேரைத் தொற்றியது. கடித்தது அதே புலிக்கொசு.