வீடியோ கேம் பெட்டி வாங்குமுன் விசாரிக்க வேண்டியவை

கோடை விடுமுறை வந்தால் பேரப்பிள்ளைகள் வீடியோ கேம் பெட்டி கேட்கிறார்கள். நம்மவர்களும் பெட்டியின் விலையை மட்டும் பேரம் பேசி வாங்கி வந்துவிடுகிறார்கள். மாடு பிடிக்கிறவன் தீவனக் கணக்கும் பார்க்க வேண்டாமா?

2020-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் விலை குறைவு. ஆனால் அதில் டிஸ்க் போட இடமே கிடையாது. விளையாட்டுகளை இணையத்தில்தான் வாங்கி இறக்க வேண்டும். அடுத்த வீட்டில் இரவல் வாங்கவோ, ஆடி முடித்ததைப் பாதி விலைக்குத் தள்ளவோ வழியில்லை. ஒரே மண்டியில் மாட்டிக்கொண்ட சில்லறைக் கடைக்காரர் நிலைதான்!

ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு 2017-ல் வந்த நின்டெண்டோ சுவிட்ச் தோதானது. அதன் கைப்பிடி இரண்டாகப் பிரியும், இருவர் ஆடலாம். விளையாடும் நேரத்துக்குப் பெற்றோர் தங்கள் போனிலிருந்தே வரம்பு வைக்கலாம். கேம் அட்டை சிறியது. குழந்தை வாயில் போட்டால் துப்பிவிடட்டும் என்று கசப்பு மருந்து பூசியிருக்கிறார்கள். 2025-ல் வந்த சுவிட்ச் 2-லும் பழைய அட்டைகளில் பெரும்பாலானவை ஓடும் என்பதால் வாங்கிய சரக்கு வீணில்லை. மலிவான 'லைட்' ரகம் டிவியில் இணையாது. அண்ணன் தம்பி உள்ள வீட்டில் தினம் சண்டைதான்.

பில்லும் கியாரண்டி கார்டும் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் உங்கள் பேங்க் கார்டு எண்ணை மட்டும் பதிந்து வைக்காதீர்கள். பிள்ளை ஒரு பொத்தானை அமுக்கினால் பணம் போய்விடும்.