பெரெற்றின் குடலும் உணவும்

இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் முயல் வேட்டைக்குச் செல்வோர் தோளில் ஒரு சிறு மரப்பெட்டியைச் சுமந்து செல்வது நெடுங்கால வழக்கம். முயல் வளையை அடைந்ததும் அதன் வாய்களையெல்லாம் வலையிட்டு மூடுவர். பின்னர் பெட்டியைத் திறந்து, நீண்ட உடலும் குட்டைக் கால்களும் உடைய பிராணியொன்றை வளைக்குள்ளே விடுவர். அஞ்சி வெளியே பாயும் முயல்கள் வலையில் விழும். இவ்வேலைக்கெனப் பழக்கப்பட்ட பிராணியே பெரெற் எனப்படுவது.

பார்வைக்குக் கீரியை ஒத்திருப்பினும் அது கீரிக் குலத்தைச் சேர்ந்ததன்று. இலங்கையில் அதற்கு உறவெனச் சொல்லத்தக்கது ஆற்றோரங்களில் வாழும் நீர்நாய் ஒன்றுதான். ஐரோப்பியக் காடுகளில் திரியும் போல்கற் என்னும் ஊனுண்ணியை மனிதன் பழக்கியெடுத்ததால் வந்ததே பெரெற் என்பது அறிஞர் கருத்து. ஸ்பெயின் தேசத்தில் முயல்களின் தொல்லையை ஒழிக்க இத்தகைய பிராணி வளைக்குள் ஏவப்பட்டதைக் கிரேக்கப் புவியியலறிஞர் ஸ்ராபோ ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்னரே எழுதி வைத்துள்ளார். அதன் பெயரோ கள்வனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேட்டையை நினைத்தே பாராத பலர் இதனைச் செல்லப்பிராணியாக வீட்டினுள் வளர்க்கின்றனர். மரப்பெட்டி போய் மெத்தை வந்தது. ஆயினும் பிராணியின் வயிறு பழைய வயிறாகவே இருக்கின்றது. அதற்கு நேரும் துன்பங்களிற் பல இதனை மறப்பதால் விளைபவை.

புல்லை உண்டு வாழும் ஆட்டின் குடல் அதன் உடலின் நீளத்தைப் போல 25 மடங்கு வரை இருக்கும். பெரெற்றின் குடலோ 5 மடங்கு அளவினதே. முயலுக்குப் பெரிதாக அமைந்திருக்கும் குருட்டுக்குடல் இதற்கு அறவே இல்லை. தாவர உணவை நெடுநேரம் தேக்கிவைத்து, நுண்ணுயிர்களின் துணைகொண்டு நொதிக்கச் செய்யும் இடம் அவ்வுடலில் எங்குமில்லை என்பது இதன் பொருள். உண்ட உணவு 3 அல்லது 4 மணி நேரத்துள் குடலைக் கடந்து வெளியேறிவிடுகின்றது. அக்குறுகிய நேரத்தில் எளிதிற் கரைந்து உடலிற் சேரக்கூடியவை ஊன் தரும் புரதமும் கொழுப்புமே. தானியமும் பழமும் காய்கறியும் பெரும்பாலும் வந்த வழியே போய்விடும். போகும்போது குடலைப் புண்படுத்திச் செல்வதும் உண்டு.

இங்கிலாந்தின் பழைய வேட்டைக்காரர் பலர் இதனை அறிந்திலர். பாலில் ஊறவைத்த பாணையே அவர்கள் தங்கள் பெரெற்றுக்கு நாள்தோறும் இட்டனர். செலவு குறைவு, பிராணியும் ஆவலோடு நக்கிக் குடிக்கும். வளர்ந்த பெரெற்றுக்குப் பாற்சீனி செரிப்பதில்லை. ஆதலால் ஓயாத வயிற்றுப்போக்கும் மெலிவும் அவற்றிடையே சாதாரணமாயிருந்தன. ஆவலோடு உண்பதெல்லாம் உடலுக்கு ஏற்றது என்று எண்ணியது அவர்களின் பிழை. அப்பிழை இன்றும் முந்திரிகை வற்றல், இனிப்புப் பிஸ்கற்று ஆகிய உருவங்களிற் தொடர்கின்றது.

ஏற்ற உணவு யாது? எலியையோ கோழிக்குஞ்சையோ முழுமையாக உண்ணும்போது தசையோடு எலும்பும் ஈரலும் சேர்ந்தே கிடைக்கின்றன. தனித்தசையை மாத்திரம் நாள்தோறும் கொடுப்பின் சுண்ணாம்புச்சத்துக் குறைந்து எலும்பு நலியும். கடைகளில் விற்கும் உலர் உணவை நாடுவோர், அதில் நூற்றுக்கு 35 முதல் 40 பங்கு ஊன் வழிப் புரதமும் 20 பங்களவு கொழுப்பும் இருத்தல் வேண்டுமென்றும், நார்ப்பொருள் 3 பங்குக்கு மேற்படலாகாதென்றும் அறிந்திருத்தல் நன்று. நாய்க்கென ஆக்கிய உணவு இதற்கு உதவாது. சோளம் முதலிய தாவரப் புரதம் மிகுந்த உணவினாற் சிறுநீரின் தன்மை மாறிக் கல் உண்டாகும். ஆண் பெரெற்றிற் சிறுநீர் அடைபட்டால் ஒரு நாள் தாமதமும் உயிருக்கு ஆபத்து.

இவ்வுணவை எப்பொழுதும் எட்டும் இடத்தில் வைத்தல் வேண்டும். குடல் விரைவில் வெறுமையாவதால் பெரெற் நாளொன்றுக்கு 7 முதல் 10 தடவை வரை சிறிது சிறிதாக உண்ணும். நோயினால் உணவை விட்ட பெரெற்றின் ஈரலிற் கொழுப்புப் படிந்து அதுவே வேறொரு நோயாக மாறுவதும் உண்டு. எனவே, நாளை பார்ப்போம் என்று காத்திருத்தல் தகாது.

நடுவயதைக் கடந்த பெரெற்றுகளில், சிறப்பாக அமெரிக்காவில், மிகுதியாகக் காணப்படும் நோயொன்று சதையியில் தோன்றும் சிறு கட்டியாகும். அக்கட்டி அளவின்றி இன்சுலினைச் சுரக்க, இரத்தத்திலுள்ள சீனி வீழ்ந்துவிடுகின்றது. மாப்பொருள் மிகுந்த உணவே இதற்குக் காரணம் என ஐயுறுவோர் உளர். ஆயினும் அது நிறுவப்படவில்லை. உறங்கியெழுந்த பிராணி பின்னங்கால்களை இழுத்து நடக்கும். வாயிலிருந்து நீர் வடியும். வெறித்த பார்வையோடு முன்னங்காலால் வாயைப் பிறாண்டும். வயதின் தளர்ச்சி என்று எண்ணி வாளாவிருப்போர் பலர். அவ்வேளையில் சிறிது தேனை முரசிற் தடவினால் அது தெளிவடையும். தெளிந்தவுடன் இறைச்சியுணவைக் கொடுத்தல் வேண்டும். இனிப்பை மேலும் மேலும் கொடுப்பின் கட்டி பின்னும் இன்சுலினைச் சுரந்து, முன்னிலும் மோசமான வீழ்ச்சியை உண்டாக்கும். வலிப்புக் கண்ட பிராணியின் வாயில் எதனையும் ஊற்றலாகாது. தெளிந்தாலும் தெளியாவிடினும் அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுதல் அவசியம்.

இனி அதன் பெயருக்கு வருவோம். அகப்பட்டதைக் கவர்ந்து கட்டிலின் அடியில் ஒளித்துவைப்பது பெரெற்றின் பிறவிக் குணம். சாவியும் காலுறையும் காணாமற் போவது வீட்டாருக்கு வேடிக்கையாயிருக்கும். றப்பர் காணாமற் போவதோ வேடிக்கையன்று. செருப்பின் அடி, அழிறப்பர், மெத்தையின் பஞ்சு ஆகியவற்றைக் கடித்து விழுங்குவதில் இளம் பெரெற்றுகளுக்குத் தனி விருப்பம் உண்டு. குறுகிய குடலில் அவை அடைத்துக்கொள்ளும். முதிய பெரெற்றுகளில், நக்கும்போது உட்சென்ற உரோமம் திரண்டு அதே அடைப்பை உண்டாக்கும். நாயைப் போல் இது எப்பொழுதும் வாந்தியெடுத்துக் காட்டாது. உணவை வெறுத்தல், பல்லை நறநறத்தல், மலம் நூல்போல் மெலிதல் என்பனவே குறிகள்.

வளர்ப்போர் மலத்தைப் பார்க்க அருவருத்தலாகாது. கரிய தார் போன்ற மலம் இரைப்பையில் இரத்தம் கசிவதைக் காட்டும். இங்கே ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. மனிதரின் இரைப்பையில் வாழும் சுருள்வடிவப் பற்றீரியாவை 1982 இல் ஆஸ்திரேலியாவின் பேர்த் நகரில் வொரன், மார்ஷல் என்னும் வைத்தியர் இருவர் வளர்த்துக் காட்டினர். 2005 இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றனர். அக்கண்டுபிடிப்பின் பின் சில ஆண்டுகளுக்குள் பெரெற்றின் இரைப்பையிலும் அதற்கு நெருங்கிய இனமொன்று காணப்பட்டது. மனிதரின் குடற்புண்ணை ஆராய்வோருக்கு இச்சிறு பிராணி பெரிதும் உதவியது. பச்சை நிறமாய்ச் சளிபோல் வழியும் மலம் வேறொரு நோயின் குறியாகும். 1993 இல் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் முதலில் அறியப்பட்ட அந்நோய்க்குக் காரணம் ஒரு வகைக் கொரோனா வைரசு. புதிதாய் வாங்கிவந்த குட்டி நலமாகவே இருக்க, அதனிடமிருந்து தொற்றிய பழைய பெரெற் கடும் நோய்க்கு ஆளாவதுண்டு. நீரிழப்பே அதனைக் கொல்வது.

உணவை மாற்ற விரும்புவோர் பொறுமையோடு செய்தல் வேண்டும். பிறந்து முதற் சில மாதங்களில் முகர்ந்தறிந்த வாசனையையே பெரெற் உணவென்று கொள்ளும். பின்னர் வரும் புதியதைப் பட்டினி கிடந்தும் மறுக்கும். ஆதலால் குட்டிப் பருவத்திலேயே பலவகை இறைச்சியைப் பழக்குவது நலம். வளர்ந்த பெரெற்றாயின் பழைய உணவோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து, சில வாரங்களில் மாற்றலாம்.

சத்திரசிகிச்சைக்கு முன் நாயையும் பூனையையும் இரவு முழுவதும் பட்டினி போடும் வழக்கம் உண்டு. பெரெற்றுக்கு 3 அல்லது 4 மணி நேரமே போதுமானது. சதையிக் கட்டி உள்ளதாயின் அதனிலும் குறைவு. பெரெற்றை அதிகம் கண்டிராத வைத்தியரிடம் செல்லும் வளர்ப்போர், இதனை முன்கூட்டியே நினைவூட்டத் தயங்க வேண்டியதில்லை.