பிளக்கைப் பாருங்கள், இன்ஜினைப் புரிந்துகொள்ளுங்கள்

உடம்பு சரியில்லை என்று வைத்தியரிடம் போகிறோம். அவர் "நாக்கை நீட்டு" என்கிறார். நாக்கைப் பார்த்தால் உடம்பின் நிலை ஓரளவு தெரியும். பெட்ரோல் இன்ஜினுக்கும் ஒரு நாக்கு உண்டு. அதுதான் ஸ்பார்க் பிளக்.

ஒரு காய்கறி வியாபாரி பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். முன்பு லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடியது. இப்போது 40 தான் ஓடுகிறது. முன்பு 20 லிட்டர் போதும். இப்போது 25 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றால், மாதம் 500 ரூபாய் வீண். இந்தப் பணம் எங்கே போகிறது? பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரியும்.

பிளக் என்ன செய்கிறது?

பிளக்கின் நுனியில் சிறிய இடைவெளி இருக்கிறது. அங்கே தீப்பொறி பறக்கிறது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை எரிகிறது. அந்த வேகம் பிஸ்டனைத் தள்ளுகிறது. வண்டி ஓடுகிறது.

1 கிலோ பெட்ரோல் நன்றாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். காற்று குறைந்தால் கரி படியும். மண்ணெண்ணெய் ஸ்டவ் சரியாக எரியாவிட்டால் பாத்திரம் கரி பிடிக்கிறது அல்லவா? அதுபோலத்தான். பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் இன்ஜின் அதிகம் சூடாகும்.

எப்படிப் பார்ப்பது?

வண்டியைப் பத்து கிலோமீட்டர் வழக்கம்போல் ஓட்டுங்கள். பிறகு உடனே இன்ஜினை நிறுத்துங்கள். நின்ற இடத்திலேயே வெகுநேரம் ஓடவிட்டால் கரி படிந்து ஏமாற்றும். இன்ஜின் நன்றாக ஆறட்டும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைத் துடையுங்கள். பிளக் ஸ்பானரால் கழற்றுங்கள். நடுக் கம்பியைச் சுற்றியுள்ள பீங்கானைப் பாருங்கள்.

நிறம் சொல்லும் சேதி

இளம் பழுப்பு அல்லது சாம்பல் நிறம்: கலவை சரி. எதையும் திருக வேண்டாம்.

உலர்ந்த கரி: பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. சோக் போட்டபடியே கிடக்கிறதா, காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கார்புரேட்டரைத் தொடுவது அதற்குப் பிறகுதான்.

எண்ணெய்ப் பிசுக்குள்ள கருப்பு: ஆயில் எரிகிறது. 4 ஸ்ட்ரோக் வண்டி என்றால் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். 2 ஸ்ட்ரோக் வண்டி என்றால் பெட்ரோலில் ஆயில் கூடியிருக்கலாம்.

சுண்ணாம்பு போல் வெளுத்து, கொப்புளம் கண்டிருத்தல்: இதுதான் ஆபத்து. இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. பெட்ரோல் குறைவாக வரலாம். எங்காவது காற்று கசிந்து உள்ளே போகலாம். தீப்பொறி விழும் நேரம் தவறலாம். வண்டிக்குப் பொருந்தாத பிளக்காகவும் இருக்கலாம். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் உருகி ஓட்டை விழும். ஆயிரக்கணக்கில் செலவு வரும். உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த புதிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோல் அளவை மின்னணுக் கருவியே பார்த்துக்கொள்கிறது. கையால் திருகி மாற்ற முடியாது. ஆனாலும் பிளக்கின் நிறம் அங்கேயும் சேதி சொல்லும். டீசல் இன்ஜினில் மட்டும் ஸ்பார்க் பிளக் கிடையாது.

திரும்ப மாட்டும்போது

முதலில் கையாலேயே திருகுங்கள். கடைசியில் மட்டும் ஸ்பானர் போடுங்கள். பலமாக முறுக்கினால் மரை போய்விடும். அதைச் சரிசெய்ய, பிளக் விலையைவிடப் பல மடங்கு செலவாகும்.

காய்கறி வியாபாரியின் பிளக்கில் உலர்ந்த கரி இருந்தது. காற்று வடிகட்டியைத் திறந்தார். சந்தைத் தெருவின் புழுதி முழுவதும் அதில்தான் இருந்தது. புதிய வடிகட்டி போட்டார். பிளக்கைத் துடைத்து மாட்டினார். அடுத்த மாதம் மறுபடி கழற்றிப் பார்த்தார். பீங்கான் இளம் பழுப்பாக இருந்தது. வீணாய்ப் போன 500 ரூபாயும் கையில் நின்றது.