பால்மரத்தடியில் கற்ற வழிபாடு

வழிபாடு என்றதும் நம் நினைவுக்கு வருவது எது? கிறிஸ்தவர்களாகிய எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை, ஆலய மணி, பாடகர் குழு, மறையுரை. நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் என் பாட்டி வழிபாட்டின் பொருளைக் கற்றது ஒரு மரத்தடியில். அவரிடம் நான் கற்றதையே இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

இயேசு பெருமானின் போதனையில் இயற்கைக்குத் தனி இடமுண்டு. மத்தேயு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில், கவலைப்படுவோருக்கு அவர் வானத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் காட்டுகிறார். 13ஆம் அதிகாரத்தில் விதைப்பவரையும் கடுகு விதையையும் உவமையாக்குகிறார். கேட்டவர்களுக்குத் தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்கினார். ஆனால் கோதுமை வயலும் திராட்சைக் கொடியும் ஒலிவ மரமும் நம் முன்னோர் அன்றாடம் கண்டவை அல்லவே! தோட்டப்புறத்தில் அவர்கள் கண்டது பால்மரம்.

கிள்ளானுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பாட்டி மரம் வெட்டினார். விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, இருட்டிலேயே நிரையில் இறங்க வேண்டும். காரணம், அந்நேரத்தில்தான் மரத்தினுள் அழுத்தம் மிகுந்து பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற, இலைகள் வழியே நீர் ஆவியாகி அழுத்தம் குறையும், பாலும் குறையும். “சாமிக்கும் விடியக்காலைதான் கொடுக்கணும். வெயில் ஏறினா மனசும் வத்திப் போவும்” என்பார் பாட்டி.

வெட்டுவதிலும் ஒரு பாடம் உண்டு. கத்தி மேலோட்டமாகப் பட்டால் பால் வராது. ஆழமாக இறங்கினால் மரம் காயப்பட்டு, பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பாவ அறிக்கையும் அப்படித்தான். வாயளவில் சொன்னால் பயனில்லை. தன்னைத்தானே வெறுத்துக் குத்திக்கொண்டால் மனம் கெட்டுவிடும். அளவோடு வெட்டிய இடத்தில் புதுப்பட்டை வளரும்.

ஆண்டின் தொடக்க மாதங்களில் பால்மரம் இலையுதிர்க்கும். பெரும்பாலும் தவக்காலமும் அதையொட்டியே வரும். தோட்டமே மொட்டையாக நிற்கும், பாலும் குறைந்துவிடும். பிறகு செம்பு நிறத்தில் தளிர்கள் துளிர்க்கும். வசந்த காலம் இல்லாத நம் நாட்டில், உயிர்ப்புப் பெருவிழாவின் பொருளைப் பாட்டிக்கு உணர்த்தியவை அந்தத் தளிர்களே.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். “மரத்தையா வணங்குகிறீர்கள்?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். இல்லை. 19ஆம் திருப்பாடல் முதலில் வானத்தையும் கதிரவனையும் பேசி, பின்பு இறைவனின் திருச்சட்டத்திற்கு வருகிறது. படைப்பு வழிகாட்டும் கைமரம், அதுவே ஊராகிவிடாது. சனவரியில் நம் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஆலய வளாகங்களில் பொங்கலிடுவதும் இதனால்தான். கதிரவனைத் தந்தவருக்கே அந்த நன்றி.

இன்று பாட்டி கிள்ளானில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். பார்வை மங்கிவிட்டது. 1928இல் கட்டப்பட்ட கிள்ளான் லூர்து மாதா ஆலயத்திற்கும் கைபிடித்துத்தான் அழைத்துச் செல்ல வேண்டும். ஞாயிறு மாலைதோறும் தொலைபேசியில் என்னிடம் ஒரே கேள்வி: “இன்னிக்கு என்னா பார்த்தே கண்ணு?” பல்கலைக்கழகம் வந்த முதல் ஆண்டில் நான் செபத்தையே விட்டிருந்தேன். அவர் கோபிக்கவில்லை, கேள்வியையும் நிறுத்தவில்லை. என்னிடம்தான் பதிலில்லை.

ஒரு நாள் மாலை, பிரிக்ஃபீல்ட்ஸில் என் வாடகை அறைக்கு எதிரே நின்ற தூங்குமூஞ்சி மரத்தைக் கவனித்தேன். மலாய்க்காரர்கள் அதைப் ‘புக்குல் லீமா’, அதாவது ஐந்து மணி மரம் என்பார்கள். பொழுது சாய்ந்ததும் சிற்றிலைகள் இரண்டிரண்டாக, கைகூப்புவதுபோல் மூடிக்கொண்டன. இலைக்காம்பின் அடிப்புடைப்பில் நீரழுத்தம் மாறுவதே இதற்குக் காரணம் என்பதை அறிவேன். அறிந்ததால் வியப்பு குறையவில்லை. கீழே சாலை நெரிசலில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மரம் யாருக்காகவும் காத்திருக்கவுமில்லை.

அன்று நானே பாட்டியை அழைத்துச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. “எனக்கும் தெரியுது கண்ணு” என்றார்.

அன்றிரவு வெகுநாளுக்குப் பின் முழந்தாளிட்டேன்.

மாணவ நண்பர்களே, தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பாட்டிமார் கற்ற பள்ளி மூடப்பட்டாலும் பாடம் முடிந்துவிடவில்லை. விரிவுரைக்கு ஓடும் வழியில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். மாலையில் உங்களையும் ஒருவர் கேட்கக்கூடும், இன்று என்ன பார்த்தாய் என்று.