பெயர்ப் பதிவும் மக்கள் மனமும்

கந்தப்பளைத் தோட்டமொன்றின் லயத்துக்கு ஒரு கடிதம் வருகிறதென்று வைத்துக்கொள்வோம். தனி விலாசம் இல்லாத வீட்டுக்குரிய கடிதம் முதலிலே தோட்ட அலுவலகத்தை அடையும்; பல கைகள் மாறிய பின்னரே உரியவரைச் சேரும். வங்கி அனுப்பியதா, நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பதா என்பது அவருக்கு முன்பே அயலார் அறிந்த செய்தியாகிவிடும். தம் செய்தி தம்மிடமே இருக்கவேண்டும் என்னும் விருப்பம் பட்டணத்தாருக்கு மட்டும் உரியதன்று.

இன்று இந்திய நிதியுதவியுடன், விரல்ரேகையையும் முகப்படத்தையும் கணினியிற் பதியும் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் நம் நாட்டில் முன்னெடுக்கப்படுகிறது. இதனைக் கேட்டுத் தயங்குவோரை அறியாதவர் என்று தள்ளிவிடலாமா? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. பத்திரத்தில் ஏறிய ஓர் எழுத்து உடன்பிறந்தாரைக் கடலுக்கு இருபுறமும் பிரித்ததைக் கண்டவர்கள், பதிவேட்டைக் கண்டு அஞ்சுவதில் வியப்பில்லை. ஆயின், 2003இல் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கியதும் ஒரு சட்டமே. ஆகவே, பதிவு தன்னளவில் தீயதன்று. அதனை ஆள்பவர் யார், எதற்கு ஆள்கிறார் என்பதே கேள்வி.

இந்தியாவின் ஆதார் வரலாறு இதனை விளக்கும். ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி 2012இல் தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2018இல் அரச உதவிகளுக்கு ஆதாரை ஏற்ற நீதிமன்றம், வங்கிக் கணக்குக்கும் கைத்தொலைபேசி இணைப்புக்கும் அதனைக் கட்டாயமாக்கலாகாது என்றது.

நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நம்மைப்பற்றிய தரவைப் பார்வையிடவும், பிழை திருத்தவும், இசைவை மீளப்பெறவும் அது வழி வகுக்கிறது. இவ்வுரிமையை மாணவர்கள் தம் பெற்றோருக்கு எடுத்துரைத்தல் வேண்டும். எந்தப் படிவத்திலும் கையொப்பமிடுமுன், "இஃது எதற்கு? யார் பார்ப்பார்கள்? பிழையானால் யாரிடம் முறையிடுவது?" என்று கேட்கப் பழகுவோமாக.

இக்கேள்விகளுக்கு நம் தாய்மொழியில் நேரிய விடை கிடைக்குமாயின், மக்கள் தாமே முன்வந்து பெயர் பதிவர். விடை கிடையாதாயின், எத்துணைச் சிறந்த பொறியும் அவர்தம் நம்பிக்கையைப் பெறாது.