அடைக்கலப் பிராணி

அடைக்கலம் என்னுஞ் சொல்லை நாம் பெரும்பாலும் மனிதரைக் குறித்தே வழங்குகின்றோம். பகைவனுக்கு அஞ்சி வந்தவனும், புதிய ஊரிலே துணையின்றி நின்றவளும் அடைக்கலம் எனப்படுவர். ஆயினும், ஒருவர் மற்றொருவரிடத்து நம்பி ஒப்படைத்துச் செல்லும் பொருளுக்கும் அப்பெயர் உரியதேயாம். பொன்னும் உறுதியோலையும் அடைக்கலப் பொருளாதல் போல, உயிருள்ள ஆடும் மாடும் நாயும் அடைக்கலப் பொருளாதல் உண்டு. பொன்னை வைத்தவர் திரும்பி வந்து நிறுத்துப் பார்க்கலாம், குறைந்திருந்தாற் கேட்கலாம். வாயில்லாச் சீவனொன்றை வைத்துப் போனவர் திரும்பி வரும்போது, அஃது உடம்பிலே ஒரு வடுவோடு வந்து வாலைக் குழைத்து நின்றால், என்ன நடந்தது என்று அதனைக் கேட்க முடியுமோ? வைத்திருந்தவரையே கேட்கவேண்டும். அவர் என்ன விடை கூறக் கடமைப்பட்டவர் என்பதையே ஈண்டு ஆராயக் கருதுகின்றேன்.

இக்காலத்திலே இவ்வினா வீட்டுக்கு வீடு எழக்கூடியது. பிள்ளைகள் கடல்கடந்த நாடுகளிற் குடியேறிவிட்டனர். பெற்றோர் பேரப்பிள்ளைகளைக் காண ஆண்டுக்கொருமுறையேனும் சென்று வருகின்றனர். முன்னாளில் வீட்டு நாய்க்கு அயல்வீட்டார் ஒரு பிடி சோறு வைப்பர். வேலிக்கு வேலி உறவிருந்தது. இன்று கொழும்பிலும் அதனையடுத்த ஊர்களிலும், நாட்கணக்கிற் பணம் பெற்று நாய் பூனைகளை வைத்துப் பராமரிக்கும் விடுதிகள் உள்ளன. அங்கே விடப்பட்ட பிராணிக்குக் காயம் நேர்ந்தால் எழும் வழக்குப் புதுமையானதென்று பலர் எண்ணுகின்றனர். அஃது அத்துணைப் புதியதன்று. மனிதன் எழுதிவைத்த சட்டங்களுள் மிகப் பழையனவற்றிலேயே அதனைக் காணலாம்.

பாபிலோனிய வேந்தன் அம்முராபி கி.மு. 18ஆம் நூற்றாண்டிலே கருங்கல்லிற் பொறிப்பித்த சட்டத்தொகுதி, 1901, 1902ஆம் ஆண்டுகளிலே பாரசீகத்துச் சூசா நகர இடிபாடுகளிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்டது. பாரிஸ் நகரத்து லூவர் நூதனசாலையில் அக்கல்லை இன்றுங் காணலாம். வாடகைக்கு எடுத்த எருதின் கண்ணைக் கெடுத்தவன் அதன் விலையிற் பாதியைக் கொடுக்கவேண்டும் என்றும், காலை முறித்தவன் எருதுக்கு எருது கொடுக்கவேண்டும் என்றும் அது விதிக்கின்றது. வயலிலே சிங்கம் அடித்துக் கொன்றால் இழப்பு உடையவனுக்கே. மேய்ப்பனிடம் விட்ட மந்தையிலே தெய்வச் செயலாகச் சாவு நேர்ந்தால், அவன் தெய்வத்தின் முன்னே தன்னிடம் குற்றமில்லை என்று மெய்ப்பிக்கவேண்டும். மெய்ப்பித்தபின் அவனைக் கேட்பாரில்லை. எபிரேயருடைய யாத்திராகமத்து 22ஆம் அதிகாரமும் ஏறக்குறைய இதனையே கூறுகின்றது. காவலில் விடப்பட்ட ஆடோ மாடோ கழுதையோ யாருங் காணாமற் சேதமடைந்தால் சத்தியஞ் செய்து தீர்த்துக்கொள்ளலாம். கொடுவிலங்கு பீறிப்போட்டதாயின், பீறுண்டதைச் சாட்சியாகக் கொண்டுவந்து காட்டவேண்டும். காட்டினால் ஈடு கொடுக்க வேண்டியதில்லை.

நம் அயலிலுள்ள வடமொழி நூல்கள் இன்னும் நுணுக்கமானவை. 1909ஆம் ஆண்டிலே மைசூர்ச் சாமசாத்திரியார் அச்சேற்றியதனால் உலகம் மீண்டும் அறிந்துகொண்ட கௌடிலியரின் அர்த்தசாத்திரத்தில், இரண்டாம் அதிகரணத்து 29ஆம் அத்தியாயம் அரசனுடைய ஆநிரையைப் பற்றியது. கள்வர் கையிலோ, புலி முதலிய விலங்கின் வாயிலோ, பாம்பினாலோ, முதலையினாலோ பற்றப்பட்ட மாட்டையும், நோயாலும் மூப்பாலும் தளர்ந்த மாட்டையும் மேய்ப்பர் உடனே அறிவித்தல்வேண்டும். அறிவியாராயின் அவ்விலங்கின் விலையைத் தாமே இறுத்தல்வேண்டும் என்கிறார் கௌடிலியர். மனுதருமசாத்திரத்து எட்டாம் அத்தியாயம் உடையவனுக்கும் மேய்ப்பனுக்கும் இடையே எழும் வழக்குகளை வரிசையாகப் பேசுகின்றது. பகலிலே பொறுப்பு மேய்ப்பனுடையது; இரவில், மாடு உடையவன் வீட்டிலே கட்டப்பட்டிருப்பின், உடையவனுடையது. ஓநாய் பாய்ந்தபோது காக்க ஓடிவராத மேய்ப்பன் குற்றவாளி. கள்வர் வலிந்து கவர்ந்தவிடத்து, உரிய காலத்திலே உடையவனுக்கு அறிவித்த மேய்ப்பன் ஈடு செய்ய வேண்டியதில்லை. மாடு தானாக இறந்தால் அதன் செவி, தோல், வால், கோரோசனை முதலியவற்றைக் கொண்டுவந்து கொடுத்து, அடையாளங்களையுங் காட்டவேண்டும்.

மனுவின் பிற விதிகள் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. அது வேறு கதை. இவ்விடத்திலே அவர் சொல்வது நியாயம்.

இந்நூல்களை எழுதினோர் ஒருவரையொருவர் அறிந்தவரல்லர். காலமும் நாடும் மொழியும் சமயமும் வேறு. ஆயினும் அவர்கள் ஒரு பொருளில் ஒத்துப்போகின்றனர். காவலனிடம் வந்த விலங்குக்கு ஒருபோதுந் தீங்கு நேரலாகாது என்று அவர்களுள் எவருங் கேட்கவில்லை. விலங்கு விலங்கே, பள்ளத்தில் விழும், கடிபடும், நோயுறும். தீங்கு நேர்ந்தபின் அதனை அறிவித்தாயா, காட்டினாயா என்றே கேட்கின்றனர். அறிவித்தவனுக்கு விடுதலையும் அறிவியாதவனுக்குத் தண்டமும் விதிக்கின்றனர்.

ஆங்கிலேய நீதிமன்றமொன்றும் இவ்வழியே சென்றது. 1919ஆம் ஆண்டுத் தீர்ப்புத் திரட்டிலுள்ள கோல்ட்மன் எதிர் ஹில் என்னும் வழக்கைச் சட்டம் பயில்வோர் அறிவர். மேய்ச்சலுக்காக ஒருவனிடம் விடப்பட்ட பசுக்களுள் இரண்டு களவுபோயின. களவு அவன் குற்றத்தால் நேர்ந்ததன்று. ஆனால் அறிந்தபின்னும் அவன் உடையவனுக்குஞ் சொல்லவில்லை, பொலிசாருக்குஞ் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பசுக்கள் கிடைத்திரா என்று மெய்ப்பிக்கும் பாரம் அவன்மீதே விழுந்தது. அவனால் மெய்ப்பிக்க இயலவில்லை. ஈடு கொடுக்க நேர்ந்தது. நமது நாட்டுப் பொதுச்சட்டத்துக்கு அடியாகிய உரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய ஊற்றாகிய உரோமச் சட்டமோ, கப்பலோட்டியையும் சத்திரக்காரனையும் தொழுவம் வைத்திருப்பவனையும் ஒரே கட்டளையில் அடக்கி, மற்றையோரிலும் கடுமையாகப் பொறுப்பேற்கச் செய்தது. பணம் பெற்றுப் பிறர் குதிரையைத் தொழுவத்திற் கட்டியவனுக்கு அன்று விதித்தது, பணம் பெற்றுப் பிறர் நாயைக் கூண்டில் அடைப்பவனுக்குப் பொருந்தாதென்று யார் சொல்லமுடியும்?

ஏடுகளிற் கண்டது இது. இனி நான் அறிந்த நிகழ்ச்சியொன்றைச் சொல்வேன்.

என் நண்பர் ஒருவர், இளைப்பாறிய ஆசிரியர், மகளின் பிரசவத்துக்காக மனைவியுடன் இலண்டன் சென்றார். ஒன்பது வயதான ஊர்நாயொன்றை அவர் வளர்த்து வந்தார். அதனை இருபத்துநான்கு நாட்களுக்கு ஒரு விடுதியில் விட்டு, முழுப்பணத்தையும் முன்கூட்டியே கட்டினார். மீண்டுவந்து அழைத்தபோது அது பின்னங்காலை ஊன்றாது நொண்டியது. "ஏதும் விளையாட்டிலை பட்டிருக்கும் ஐயா, எங்களுக்குத் தெரியாது" என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால், தொடையிலே உள்ளங்கையளவு மயிர் மழிக்கப்பட்டிருந்தது. நடுவே தையலிட்ட சுவடு ஆறு. நாய்க்கு வாயில்லை, தையலுக்கு வாயிருந்தது. தெரியாதென்று சொன்னவர்களே யாரோ ஒரு வைத்தியரிடம் அதனைக் கொண்டு சென்றிருக்கின்றனர்!

நண்பர் என்னிடம் வந்தார். "பண்டிதர், நல்ல சூடாக ஒரு கடிதம் எழுதித் தாருங்கோ" என்றார். சூடு எழுதுவது எளிது. ஆனால் சூடான கடிதத்துக்குச் சூடான மறுமொழியே வரும். ஆகவே மூன்று கேள்விகளை மாத்திரம் எழுதினேன். எந்த நாளிற் காயம் நேர்ந்தது? எதனால் நேர்ந்தது? எந்த வைத்தியர் என்ன செய்தார்? பத்து நாட்களின் பின் ஒரு தபாலுறை வந்தது. அதனுட் கடிதமில்லை, வைத்தியரின் சீட்டொன்றின் படி மாத்திரம் இருந்தது. விடப்பட்ட ஐந்தாம் நாளில் மற்றொரு நாய் கடித்திருக்கிறது. அன்றைக்கே புண்ணைக் கழுவித் தைத்திருக்கின்றனர். விசர்நாய்க்கடிக்கு எதிரான ஊசியும் போட்டிருக்கின்றனர். வைத்தியர் கட்டணத்தையும் விடுதியாரே கொடுத்திருக்கின்றனர்.

பார்த்தீர்களா? செய்யவேண்டியவற்றை யெல்லாம் அவர்கள் செய்திருக்கின்றனர். ஒன்றைத் தவிர. "அஞ்சாம் நாளே ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், நான் நன்றி சொல்லியிருப்பேன்" என்றார் நண்பர். அவர் குரலிற் கோபத்தினும் வருத்தமே மிகுந்திருந்தது. அச்சீட்டின் அடியிலே மறு ஊசிக்குரிய நாளும் குறிக்கப்பட்டிருந்தது. அந்நாள் கடந்துபோயிற்று. நண்பரின் மனைவி அப்புண்ணை வெறுங்கையாலே துடைத்துக்கொண்டிருந்தார். கடித்த நாய் எது, அதற்கு ஊசி போடப்பட்டதோ, அது பின்னர் உயிரோடிருந்ததோ என்று மறுபடியும் ஆளனுப்பி விசாரித்து, அஃது ஊசி போட்ட வீட்டுநாய்தான், நலமாயிருக்கிறது என்று அறியும்வரை அவ்வீட்டில் ஒருவரும் உறங்கவில்லை. வாடிக்கை போய்விடுமென்னும் அச்சத்தினால் மறைத்தார்களாம். மறைத்ததனாலேயே அவ்வாடிக்கை போயிற்று.

இத்தகைய விடுதிகளில் நேரும் காயங்கள் எல்லாங் கடியல்ல என்பதையும் வாசகர் அறிதல் நன்று. ஒடுங்கிய கூண்டிலே மகிழ்ந்து வாலாட்டும் நாயின் வால்நுனி சுவரில் மோதி மோதிப் பிளந்துவிடும். அப்புண் எளிதில் ஆறுவதில்லை. உடையவரைத் தேடிச் சீமெந்துத் தரையில் ஓயாது நடந்து உள்ளங்கால் தேய்ந்துபோவதுண்டு. கம்பிவலையில் உரசி மூக்குத்தோல் உரியும். இரும்புக் கம்பியைக் கடித்துக் கோரைப்பல் முறியும். இவற்றுட் பல காவலரின் கொடுமையால் வருவன அல்ல. பிரிவின் துயரால் வருவன. அவற்றுள்ளும் கடியையே மிக அஞ்சவேண்டும். வெளியே ஊசித் துளைபோலத் தோன்றும். உள்ளே தோலும் தசையும் பிரிந்திருக்கும். சில நாளிற் சீழ் கட்டும். ஆதலால் துளை சிறிதென்று விட்டுவிடாது அன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும்.

அதுவரையிற் செய்யத்தக்கது சிறிதே. நோவுற்ற நாய், எத்துணை அன்புடையதாயினும், கடிக்கும். ஆகவே மூச்சுத்திணறலோ வாந்தியோ இல்லாதவிடத்துத் துணிப்பட்டியால் வாயைக் கட்டிக்கொள்ளவேண்டும். இரத்தம் பெருகினாற் சுத்தமான துணியை வைத்து அழுத்தவேண்டும். நின்றதோ என்று அடிக்கடி எடுத்துப் பார்த்தலாகாது. கோப்பித்தூளும் மஞ்சளும் அப்புதல் வேண்டா. நாம் விழுங்கும் நோமாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. பனடோல் என்று வழங்கும் பரசிற்றமோல் பூனையைக் கொன்றுவிடும்.

இங்கிலாந்திலே பிராணி விடுதிகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமென்று 1963ஆம் ஆண்டிற் சட்டமியற்றினர். 2018ஆம் ஆண்டில் அதனிடத்தில் வந்த புதிய விதிகள், நோயோ காயமோ உண்டென்று ஐயுறப்பட்டாலே காலந்தாழாது மிருக வைத்தியரின் ஆலோசனையைப் பெற்று அதன்படி நடத்தல்வேண்டும் என்கின்றன. நம் நாட்டில் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் விலங்குகளுக்குக் கொடுமை செய்வாரைத் தண்டிக்க எழுந்தது. கொடுமையே செய்யாது, வாயை மாத்திரம் மூடிக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி அதற்கு என்ன கவலை?

உடையவர்களுக்கும் ஒரு சொல். சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே ஒரு காதை உண்டு. கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்முதுமகள் மாதரியிடம் ஒப்படைப்பது அதில். பிழையொன்றுஞ் செய்யாத அம்மாதரி, அடைக்கலத்தை இழந்தேனே என்று பின்னர்த் தீப்புகுந்தாள். நாய்விடுதிக்காரரிடம் நாம் அவ்வளவு கேட்கவில்லை! அதே காதையில் மாடலன் கோவலனின் நற்செயல்களைச் சொல்லுமிடத்திலே, வளர்த்த கீரியைக் கொன்றுவிட்ட பார்ப்பனியின் செய்தியும் வருகின்றது. பஞ்சதந்திரம் அக்கதையை விரித்துக் கூறும்: பாம்பைக் கொன்று குழந்தையைக் காத்த கீரி வாயில் இரத்தத்தோடு எதிரே வந்தது, இரத்தத்தைக் கண்டதும் அவசரப்பட்டு அடித்துவிட்டார்கள். விடுதிக்காரர் ஒருவர் தாமே தொலைபேசியில் அழைத்து, "உங்கள் நாய்க்குக் காயம்" என்று சொல்லும்போது, முதற் சொல்லிலேயே அவர்மீது பாய்வோமாயின், அடுத்த முறை அவர் அழைக்கமாட்டார்.

நாயை விடச் செல்வோர் ஒரு தாளைக் கையோடு கொண்டுபோகலாம். பிராணியின் பெயர், வயது, கடைசியாக ஊசி போட்ட நாள், உண்ணும் மருந்து, வழக்கமாகப் பார்க்கும் வைத்தியரின் தொலைபேசி இலக்கம், தாம் விமானத்திலிருக்கும் வேளையில் யாரை அழைப்பது, கேளாமலே வைத்தியஞ் செய்விக்க எவ்வளவு வரை செலவிடலாம் என்பன அதில் இருக்கட்டும். முன்னரே உள்ள வடுக்களையும் குறித்து, கைத்தொலைபேசியில் இருபக்கமும் படமெடுத்துக்கொள்ளுதல் நன்று. சிறு கீறலாயினும் அன்றைக்கே அறிவிப்போம் என்று ஒரு வரியை அடியில் எழுதி, அத்தாளில் விடுதியாரின் கையொப்பத்தைக் கேளுங்கள். தயங்குவாராயின் நாயை அழைத்துக்கொண்டு அடுத்த விடுதிக்குப் போகலாம்.